ரெண்டு சுத்துக் கயிறு

வீரபத்திரன் கயிற்றைப் பிடிக்கிறவன் அதை மணிக்கட்டில் ரெண்டு சுத்துச் சுற்றித்தான் பிடிக்க வேண்டும். வெறுங்கையால் பிடித்தால் வழுக்கிவிடும். தென்னங்கயிறு தோலை உரிக்கும், ரத்தம் வரும், வரட்டும். எங்கள் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும்போது யார் எதை மறந்தாலும் இந்த ஒரு விதியை மறந்ததில்லை. நான் மறந்தேன். அந்தக் கதையைத்தான் எழுதப்போகிறேன். நல்லவன் என்று பேர் வாங்குவதற்காக எழுதவில்லை. எழுபது தாண்டினவனுக்கு அந்தப் பேரை வைத்துக்கொண்டு என்ன வேலை?

இலங்கை மலைநாட்டில் பூண்டுலோயாவுக்கு மேலே, பஸ் ஏறாத உயரத்தில் இருந்தது எங்கள் தேயிலைத் தோட்டம். நான் சொல்வது ஐம்பதுகளின் காலம். கூத்தில் சிவன் மன்மதனை எரிப்பான், ரதி அழுவாள், அதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். எரிப்பதற்கு முன்னால், கிழக்கு வெளுக்கிற நேரத்தில் வீரபத்திரன் வருவான். அவன் சிவனுடைய கோபம். அந்த வேஷம் கட்டுகிறவர் ஒரு மாதம் விரதம் இருப்பார். சாமி வந்துவிட்டால் அவருக்குத் தன் நினைவு இருக்காது. அதனால் இடுப்பில் கயிறு கட்டி, இரண்டு பக்கமும் இரண்டு பேர் இழுத்துப் பிடிப்போம். கையில் கொய்யாக் கட்டையில் செதுக்கிய வாள். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாளை அதன்மேல் ஒட்டியிருப்பார்கள். பளபளவென்று இருக்கும். உள்ளே நல்ல வைரம் பாய்ந்த கட்டை.

வேஷம் கட்டியவர் லயத்து வரிசை வீட்டில் எனக்குப் பக்கத்துக் காம்பராக்காரர், அதாவது பக்கத்து அறை. நான் அண்ணே என்று கூப்பிடுவேன். அவரும் என்னைப்போல் கவ்வாத்துக்காரர்தான், தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டி மட்டம் செய்கிற வேலை. மழைக்காலத்தில் காலில் அட்டை ஏறினால் நாங்கள் பிய்த்துத் தேய்த்துக் கொல்லுவோம். அவர் மட்டும் பதமாக எடுத்துப் புல்லில் விடுவார். அட்டைக்கும் புள்ளகுட்டி இருக்குமோ என்னவோ என்று மதினியே, அதாவது அவர் மனைவி, கேலி செய்யும். கங்காணி அவரை மண்ணாங்கட்டி என்றுதான் கூப்பிடுவான். அவரும் அதற்கே திரும்பிப் பார்ப்பார். மூன்று பெண்பிள்ளைகள். ஒன்றையும் அதட்டிக்கூடப் பேசினதில்லை.

அப்பேர்ப்பட்ட மனுஷர் கயிறு கட்டி இறங்கினால் கூத்துப் பொட்டல் நடுங்கும். அவருடைய அப்பா கட்டிய வேஷம், அதனால் அவருக்கு வந்தது என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. வருஷம் முழுக்க நாங்கள் விழுங்கினதையெல்லாம் அவருக்குள் கொண்டுபோய்க் கொட்டினோம். வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர் அவர் ஒருத்தர்தான். கொட்டிவிட்டு, அது எங்கள்மேலேயே சிந்திவிடக்கூடாதே என்று கயிற்றையும் கட்டினோம். அன்றைக்குக் காலில் விழுந்து கும்பிட்டோம். மறுநாள் காலையில் மண்ணாங்கட்டி என்றோம்.

பிற்காலத்தில் நான் தோட்டத்தை விட்டு ஹட்டனுக்கு வந்து, ஒரு முஸ்லிம் முதலாளியின் புத்தகக் கடையில் வேலை பார்த்தேன். அங்கேதான் மனசை ஆராய்கிற வைத்தியர்கள் எழுதியதைத் தமிழில் படித்தேன். ஊரோடு சேர்ந்து வாழ வேண்டுமென்றால் ஒவ்வொருத்தனும் தன் கோபத்தை விழுங்கியாக வேண்டும் என்கிறார்கள். விழுங்கினது செரிக்காதாம். வெளியே அதட்டின அதிகாரி ஒருநாள் மனசுக்குள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வானாம். கை தவறிச் செய்தேன் என்று ஒருத்தன் சொன்னால், அந்தத் தவறுக்குள் அவனுடைய ஆசை இருக்குமாம். இந்தக் கடைசி வரியைப் படித்ததும் புத்தகத்தைச் சுவரில் விட்டெறிந்தேன். உனக்கு எவன்டா சொன்னது என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். அவரை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுவோம். ஒன்றுமில்லை காக்கா, எலி என்றேன்.

எலியா எலி. நடந்ததைச் சொல்கிறேன்.

கூத்துக்கு ஒரு வாரம் முந்தி, கவ்வாத்து மலையில் எங்களோடு கண்டாக்கு நின்றார். துரைக்கு அடுத்தபடி மலையை ஆண்டவர் அவர். முழங்கால்வரைக்கும் கால்மேசும் காலில் சப்பாத்தும் போட்டு, கையில் பிரம்பு. நான் ஒரு செடியைத் தாழ வெட்டிவிட்டேன் என்று சொல்லிப் பிரம்பை ஓங்கினார். தலைக்கு வந்ததை வலது கையால் தடுத்தேன். மணிக்கட்டில் விழுந்தது. தடுத்ததற்காக இன்னொன்று, கன்னத்தில். முப்பது பேர் குனிந்து வெட்டிக்கொண்டே இருந்தார்கள், ஒரு கத்தி நிற்கவில்லை. நான் "சரிங்கய்யா" என்றேன். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சிரித்தேன். அடி வாங்கின கன்னம் அதுபாட்டுக்குச் சிரித்தது. அடித்தவருக்குச் சங்கடமாக இருக்கக்கூடாது என்று நினைத்ததோ என்னவோ, சனியன் பிடித்த மூஞ்சி.

கண்டாக்கு அந்தப் பக்கம் போனதும் அண்ணன்தான் வந்தார். தலைத்துணியில் ஒரு கீற்றைக் கிழித்து மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினார்.

அன்று வீட்டுக்கு வந்தால், எனக்கு முன்னால் செய்தி வந்திருந்தது. என் மனைவி கையைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். ஏன் சிரித்தீர்கள் என்று மட்டும் கேட்டாள். அப்போதெல்லாம் எனக்கு ஒரு பெருமை உண்டு. எங்கள் லயத்தில் பத்துக் காம்பரா. பலகைத் தட்டிக்கு அந்தப் பக்கம் எவன் எவளை அடிக்கிறான் என்பது இந்தப் பக்கம் கேட்கும். மலையில் ஏச்சு வாங்கின நாளென்றால் வரிசையாகக் கேட்கும். அடிக்காதவர்கள் அண்ணனும் நானும் மட்டும்தான். நான் அதை வெளியே சொல்லிக்கொள்ளவும் செய்வேன். அடிக்கிறவனைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மணிக்கட்டு வீங்கித் தடித்துவிட்டது. இந்தத் தடவை கயிறு வேறு ஆள் பிடிக்கட்டும் என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ பேர் இருந்தார்கள். என் மனைவியே சொன்னாள். நான் கேட்கவில்லை. விரதம் இருந்துவிட்டேன், பிடிக்காவிட்டால் சாமி குத்தம் என்றேன். எனக்குச் சாமிமேல் அவ்வளவு பயபக்தி அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

கூத்தன்று விடிகிற நேரம். பனி இறங்கி, கால் விரல் மரத்துப்போயிருந்தது. ஆபீசிலிருந்து கொண்டுவந்த நாற்காலியில் கண்டாக்கு உட்கார்ந்திருந்தார். தோட்டத்துப் பெரியவருக்கு முன்னால் வீரபத்திரன் மூன்று தடவை பாய்வான், அது வழக்கம். கயிற்றுக்காரர்கள் மூன்று தடவையும் இழுத்துவிடுவோம். ஓங்கின வாள் அவர் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி நிற்க வேண்டும். அவர் கொஞ்சமும் அசையாமல் உட்கார்ந்திருந்து, கடைசியில் எழுந்து மாலை போட வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அதுதான் ருசி. எல்லாருக்கும் நெஞ்சு ஒரு தடவை நின்று பிறகு அடிக்கும்.

அண்ணன் இறங்கினார். முகமெல்லாம் சிவப்பு மை, கண் மேலே செருகியிருந்தது. தப்பு மேளத்தின் அடி பொட்டலை அதிரவைத்தது. இடது பக்கக் கயிறு இன்னொருத்தன், வலது பக்கம் நான். அவன் ரெண்டு சுத்துச் சுற்றினான். நான் சுற்றவில்லை. வலிக்கிறது, முதல் பாய்ச்சல் வரட்டும், பிறகு சுற்றிக்கொள்வோம் என்று நினைத்தேன். முதல் பாய்ச்சல் வந்தது, உள்ளங்கையாலேயே பிடித்துவிட்டேன். இரண்டாவதும் பிடித்துவிட்டேன். பிறகு சுற்ற மறந்துவிட்டேன். இடது கை சும்மாதானே இருந்தது, அதில் சுற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அம்பது வருஷமாக நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாவது பாய்ச்சலில் கயிறு என் கையிலிருந்து போனது. போனதா, விட்டேனா? விரல் விரிந்தது எனக்குத் தெரிந்தது. அவ்வளவுதான் என்னால் சத்தியம் செய்ய முடியும்.

கொய்யாக் கட்டை கண்டாக்கின் தாடையில் விழுந்த சத்தம், விறகு பிளக்கிற சத்தம்தான். நாற்காலியோடு மல்லாந்தார். அண்ணன் குனிந்து குனிந்து அடித்தார். தாடையில், தோளில், தடுத்த கைகளில். ஈயத்தாள் பிய்ந்து பறந்தது. கண்டாக்கின் வாயிலிருந்து ரத்தத்தோடு ஒரு பல் வந்து பனிப்புல்லில் விழுந்தது. மற்றக் கயிற்றுக்காரன் விடாமல் பிடித்துக்கொண்டு தரையில் இழுபட்டான், மணிக்கட்டில் சதை தெரிந்தது. இருநூறு பேர் நின்றோம். ஒருத்தர் அசையவில்லை. தப்பு நிற்கவில்லை. நிற்காதது மட்டுமா, அடி இன்னும் வேகம் பிடித்தது. ஆண், பெண், கங்காணி, பூசாரி அத்தனை பேரும் வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்கள். எனக்கு எப்படி இருந்தது என்று கேட்டால் மறைக்க மாட்டேன். இனித்தது. ஒவ்வொரு அடிக்கும் உடம்பு சிலிர்த்தது. அடி, இன்னொன்று அடி என்று உள்ளே ஒருத்தன் கத்தினான். அவன் நான்தான்.

அப்புறம் தப்பு நின்றது. அண்ணனுடைய கண் கீழே இறங்கியது. கையிலிருந்த கட்டையைப் பார்த்தார், கீழே கிடந்தவரைப் பார்த்தார். இடுப்பைத் தடவிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, கயிறு எங்க?"

கண்டாக்கைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பொலிசு வேண்டாம் என்று அவரே சொன்னாராம். வேலையாள் கையால் அடிவாங்கின கதை மற்றத் தோட்டங்களுக்குப் பரவும் என்று வெட்கம். துரை ஆபீசில் வைத்து விசாரித்தார். மேசைமேல் கயிறு கிடந்தது. வெள்ளைக்காரத் துரை, தோட்டத்துத் தமிழ் பேசுவார். சாமி கதை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கயிறு அறுந்திருக்கவில்லை. அப்படியானால் இரண்டில் ஒன்று. பிடித்தவன் கவனமில்லாமல் விட்டிருந்தால் தப்பு அவனுடையது, பத்துச்சீட்டு அவனுக்கு. சரியாகப் பிடித்தும் இவன் திமிறிப் போயிருந்தால் சீட்டு இவனுக்கு. பத்துச்சீட்டு என்றால் வேலையும் காம்பராவும் போச்சு, பத்து நாளில் வெளியேற வேண்டும். பிரஜாவுரிமை இல்லாத சனங்கள் நாங்கள். காம்பரா போனால் இந்த நாட்டில் காலூன்ற ஒரு சாண் மண் கிடையாது.

எப்படிப் பிடித்தாய், செய்து காட்டு என்றார் துரை.

நான் மேசையிலிருந்த கயிற்றை எடுத்தேன். வீங்கின மணிக்கட்டில் ரெண்டு சுத்துச் சுற்றினேன். வலி தோள்வரைக்கும் ஏறியது. "இப்படித்தான்ங்கய்யா பிடிச்சேன். உருவிக்கிட்டுப் போயிருச்சுங்க" என்றேன்.

சுற்றிப் பிடித்து உருவியிருந்தால் என் மணிக்கட்டுத் தோல் உரிந்திருக்க வேண்டும், மற்றவன் கை மாதிரி. துரைக்கு அது தெரியவில்லை. அண்ணன் கிழித்துக் கட்டின துணி என் மணிக்கட்டை மூடியிருந்தது. அண்ணனுக்குத் தெரியும். அவர் கட்டின துணி, அதில் ஒரு நூல்கூடப் பிரிந்திருக்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு துரையைப் பார்த்து, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கய்யா என்றார். அவ்வளவுதான் விசாரணை, சீட்டு அவருக்கு.

பத்து நாள் இருந்தது. பத்து நாளும் என் மனைவி விடவில்லை. அவள் பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் நின்று பார்த்திருக்கிறாள். "ஒங்க விரல் விரிஞ்சத நான் பாத்தேங்க. போய்ச் சொல்லுங்க. நமக்குப் புள்ளகுட்டி இல்ல, எங்கயாவது போயிருவோம். அவங்களுக்கு மூணு பொட்டப்புள்ளைங்க" என்றாள். நாளைக்குப் போகிறேன் என்றேன். ஆபீஸ் வாசல்வரைக்கும் ஒருநாள் போனேன்கூட. கதவுக்கு வெளியே நின்றபோது முகம் சிரிக்கத் தயாராகிவிட்டது. எனக்கே அருவருப்பாக இருந்தது. திரும்பிவிட்டேன்.

தோட்டத்துச் சனங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தப் பத்து நாளும் அண்ணனை வழியில் பார்த்தவர்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். யாரும் மண்ணாங்கட்டி என்று சொல்லவில்லை. அதே சமயம், நம்மில் பாதிப்பேர் வேலைக்குப் போகாமல் நின்றால் துரை இறங்கி வருவார் என்று ஒருத்தன்கூட வாயைத் திறக்கவில்லை. சாமி எல்லாருக்கும் பொது, சீட்டு மட்டும் அவருக்குத் தனி. கண்டாக்குக்கு விழுந்த அடியில் ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கொண்டோம், கூலியை அவர் ஒருத்தர் தலையில் வைத்தோம். எனக்குக் கோபம் வருகிறது என்றால் வராமல் என்ன செய்யும்? அந்தக் கூட்டத்தில் முதல் ஆள் நானல்லவா.

பத்தாம் நாள் காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்கிற இடத்துக்கு, நான் மேலே ஏறிக்கொண்டிருந்தேன். அவர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். வலப்பனைப் பக்கம் யாரோ ஒரு சிங்களவரின் மரக்கறித் தோட்டத்தில் வேலை சொல்லியிருந்தார்களாம். தகரப்பெட்டி அண்ணன் தலையில், கடைசிப் பெண் மதினி இடுப்பில். மதினி என்னைப் பார்க்கவில்லை. அண்ணன் நின்றார்.

"கை வீக்கம் வத்திருச்சா தம்பி?"

வத்திருச்சு அண்ணே என்றேன். சரி, நேரமாச்சு, போ என்றார். நான் பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்று பேர் சொன்னதும் "ஐயா" என்றேன். அவர்களை அதன்பிறகு நான் பார்க்கவில்லை.

அடுத்த மாசி வந்தது. வீரபத்திரன் இல்லாமல் கூத்து எப்படி என்று பேச்சு எழுந்தது. பெரியவர்கள் கூடி என்னைக் கேட்டார்கள். கயிறு பிடித்தவனுக்குத்தான் சாமி பழக்கம் என்றார்கள். நான் ஒத்துக்கொண்டேன். செய்ததற்கு இது தண்டனையாக இருக்கட்டும், எனக்கும் சாமி வரட்டும், என்னையும் துரத்தட்டும் என்று மனசில் ஒரு வெறி. ஒரு மாதம் உப்பில்லாமல் தின்றேன், தரையில் படுத்தேன். தினமும் மலையில் கண்டாக்கைப் பார்த்தேன். அவர் தாடை ஒரு பக்கம் கோணிப்போயிருந்தது, பேச்சு குழறும். பிரம்பு மட்டும் அதே பிரம்பு. பார்க்கப் பார்க்க எனக்குள் கொதித்தது. வரும், கட்டாயம் வரும் என்று நம்பினேன்.

விடியற்காலையில் இறக்கினார்கள். அண்ணன் பிடித்த அதே கொய்யாக் கட்டை, புது ஈயத்தாள். கண்டாக்கு நாற்காலியில் இருந்தார். இந்தத் தடவை பக்கத்தில் இரண்டு காவல்காரர்களை நிறுத்தியிருந்தார். தப்பு உச்சத்துக்குப் போனது. நான் பாய்ந்தேன். கண்டாக்கின் கோணல் தாடைக்கு முன்னால் வந்ததும் என் முகம் சிரித்தது. சிவப்பு மைக்கு அடியில், யாருக்கும் தெரியாமல் சிரித்தது. கயிற்றுக்காரர்கள் இழுக்கிறதற்கு முன்னாலேயே நான் நின்றுவிட்டேன். மூன்று தடவையும் அப்படித்தான். கத்தினேன், பல்லைக் கடித்தேன், வாளைச் சுழற்றினேன். கயிறு தொய்ந்தே கிடந்தது. சாமி வரவில்லை. எனக்குள்ளே இருந்த நாற்காலியில் வேறு ஒருத்தர் உட்கார்ந்திருந்தார், சாமிக்கு இடமில்லை.

கண்டாக்கு எழுந்து மாலை போட்டார். கன்னத்தில் தட்டினார், முந்தி பிரம்பு விழுந்த அதே கன்னத்தில். நல்ல ஆள் என்றார்.

ரதியின் ஒப்பாரி தொடங்குமுன் காம்பராவுக்கு வந்துவிட்டேன். இடுப்புக் கயிற்றைக்கூட அவிழ்க்கவில்லை, அது பின்னால் மண்ணில் இழுபட்டு வந்தது. என் மனைவி சுடுதண்ணீர் வைத்திருந்தாள். முகத்து மையைத் துடைக்கத் துணியை நனைத்துக்கொண்டே, அந்த அண்ணன் இப்ப எங்க இருக்காரோ என்றாள். குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே நினைவு வந்து சொன்னாள்.

கையில் கட்டை இருந்தது. ஓங்கினேன். அவள் கையைத் தூக்கித் தடுத்தாள், வலது மணிக்கட்டில் விழுந்தது. நான் தடுத்த மாதிரியேதான் தடுத்தாள். தடுத்ததற்காக இன்னொன்று அடித்தேன். தோளில், முதுகில், விழுந்த பிறகு தொடையில். தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து அடுப்பு அணைந்தது. இத்தனை நாள் எங்கே இருந்ததோ அந்தப் பலம், உடம்பெல்லாம் தீயாக ஓடியது. என்னை எதிர்த்தா பேசுகிறாய் என்று கத்தினேன். குரல் என்னுடையதாக இல்லை. மலையில் தினமும் கேட்கிற குரல். பலகைத் தட்டிக்கு அந்தப் பக்கம், அண்ணன் இருந்த காம்பராவில் புதிதாகக் குடிவந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். யாரும் வரவில்லை.

அவள் அழவில்லை. சுவரைப் பிடித்து எழுந்தாள். வலது கை மணிக்கட்டில் தொங்கியது, உடைந்திருந்தது. தரையில் கிடந்த கயிற்றின் நுனியை இடது கையால் எடுத்தாள். கையைச் சுழற்றி ஒரு சுத்து, இன்னொரு சுத்து. இழுத்தாள். என் இடுப்பில் கயிறு இறுகியது. காலையிலிருந்து அப்போதுதான் முதல் தடவையாக இறுகியது.

"அன்னிக்கு இப்பிடித்தான் பிடிச்சிருக்கணும்" என்றாள்.

பொட்டலில் மன்மதனுக்குத் தீ வைத்துவிட்டார்கள் போல, சத்தம் கேட்டது. கட்டையைக் கீழே போட்டேன். அவள் கயிற்றை விடவில்லை.